இடப்பக்கம் சாயும் பிளேன்

குன்னூர்
25-11-1984, ஞாயிறு

அன்பு மகள் தெய்வம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. முழங்கால் இரண்டையும் சேர்க்காமல் பார்த்தால் நான் நன்றாக இருக்கிறேன். நீயும் மருதாம்பாள் அத்தையும் அங்கே காய்ச்சல் தலைவலி இல்லாமல், முக்கியமாகப் பயமில்லாமல் இருக்க வேண்டும் என்று இங்குள்ள மாரியம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த மாரியம்மனுக்குச் சிலோனில் நம் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் எவ்வளவு செல்வாக்கு என்று தெரியாது.

உன் கடிதம் இருபத்து மூன்று நாள் நடந்து வந்து சேர்ந்தது. உள்ளே நாலே வரி. டிக்கெட் வந்தது, பிளேனில் ஏறப் பயம், கப்பல் திரும்ப விட்டால் வருகிறேன், அத்தை சுகம். ஐந்தாவது வரி இருக்கிறதா என்று பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

தலைமன்னார்க் கப்பல் மறுபடி எப்போது விடுவார்கள் என்று இங்கே ஆபீஸில் போய்க் கேட்டேன். அங்கிருந்த கிளார்க், ஏனுங்க, கப்பல் என்ன டவுன் பஸ்ஸுங்களா, கை காட்டுனா நிக்கறதுக்கு என்று என்னையே திருப்பிக் கேட்டார். சண்டை நடக்கிற கடலில் யார் கப்பல் விடுவார்கள்? உன் தங்கும் பெர்மிட் பிப்ரவரியோடு முடிகிறது. அதற்குப் பிறகு நீ அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. டிக்கெட்டில் போட்டிருப்பது பிப்ரவரி இரண்டாம் தேதி, சனிக்கிழமை. கொழும்பில் ஏறினால் திருச்சியில் இறங்கலாம். அதைவிட்டால் வேறு வழியில்லை மகளே. மன்னார்ப் பக்கம் தோணியில் போய்விடலாம் என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதே. டிக்கெட் எப்படி வாங்கினேன் என்று நீ யோசித்திருப்பாய். திருடவில்லை. அம்மாவின் தோடு.

அந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மட்டும் வேலைக்காரர் பேர் எழுதும் செக்ரோலில் உனக்கு இரண்டு வயது கூட்டி எழுதாமல் இருந்திருந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பதினாறு வயதுப் பிள்ளையாக எங்களோடு ஒரே காகிதத்தில் அன்றே இந்தியாவுக்கு வந்திருப்பாய். காகிதத்தில் பதினெட்டு ஆனதால் உனக்குத் தனிப் பைல் என்றார்கள். அந்தப் பைல் ஐந்து வருஷம் தூங்கி எழுந்தபோது கப்பல் நின்றுவிட்டது. சரி, அதை விடு.

பிளேனுக்குப் பயப்படுவதில் தப்பில்லை. நானும் பிளேனைக் கிட்டத்தில் பார்த்தவன் இல்லை. ஆனால் இந்த ஒரு மாதமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் பிளேன் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்குப் பைத்தியம் என்று அத்தையிடம் சொல்லிவிடாதே, முழுக்கப் படி.

இங்கே பக்கத்து வெலிங்டனில் சுவிசேஷமுத்து சார் என்று ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலிக்காரர். விமானப்படையில் இருபத்தைந்து வருஷம் பிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். மனைவி மெட்டில்டா அம்மா, பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர். சாயங்காலம் நான் ரேடியோ ரிப்பேர் பார்ப்பது தெரிந்து, தங்கள் ரேடியோ பாடவில்லை என்று கூப்பிட்டனுப்பினார்கள். ஒரு வயர் விட்டிருந்தது, பற்ற வைத்துக் கொடுத்தேன். உடனே சார், வேய், உமக்கு இன்னொரு வேலை இருக்கு, வாரும் என்று உள் அறைக்குக் கூட்டிப்போனார்.

அங்கே ஒரு டிவி. அதன் முன்னால், டைப்ரைட்டரை யாரோ மிதித்துத் தட்டையாக்கியது போல ஒரு பெட்டி. கம்ப்யூட்டராம். லண்டனில் இருக்கும் மகன் கொண்டுவந்து கொடுத்தது. பக்கத்தில் கேசட் பிளேயர். கேசட்டைப் போட்டால் பாட்டு வராது, கோழியைக் கழுத்தில் மிதித்த மாதிரி ஐந்து நிமிஷம் கத்தும். கத்தி முடித்ததும் டிவியில் பிளேனின் முன்கண்ணாடி தெரியும். கீழே வரிசையாக மீட்டர்கள், நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே ஆகாயம், கீழே பூமி. நிஜம் இல்லை. ஆனால் கோடு சாயும்போது நம் தலையும் சாய்கிறது.

பொத்தான்களை அமுக்கி ஓட்ட வேண்டும். சாருக்கு விரல் முட்டெல்லாம் வாதத்தில் இஞ்சிக் கிழங்கு மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கிறது. ஒரு பொத்தானை அமுக்கப் போனால் மூன்று அமுங்குகிறது, பிளேன் குப்புற விழுகிறது. ஆனால் முழுக் கையால் எதையும் பிடிக்க முடியும். நிஜப் பிளேனில் இருப்பது போல ஒரு பிடி செய்து தர முடியுமா என்று கேட்டார். பெட்டியின் பின்னால் அதற்கென்றே ஒரு துளை வைத்திருக்கிறார்கள். இருபத்தஞ்சு வருசம் நட்டு முறுக்கி அடுத்தவன மேல அனுப்பியிருக்கேன் வேய், ஒரு தடவ நானா எறக்கிப் பாக்கணும் என்றார். மெட்டில்டா அம்மா சமையலறையிலிருந்தே, ஸ்கூட்டரையே நேரா எறக்கத் தெரியாது, கேத்தி இறக்கத்துல என்னயச் சாச்சது மறந்துபோச்சோ என்றார்.

நானும் ஐந்தாம் வகுப்பு வரை படித்த இஞ்சினியர்தானே, ஒப்புக்கொண்டேன்.

தேயிலைப் பெட்டிப் பலகையில் கூடு அடித்தேன். பிடிக்கு, அங்கிருந்து கொண்டுவந்த, தேயிலைச் செடி வெட்டும் என் கவ்வாத்துக் கத்தியின் மரப்பிடி. கத்தி தேய்ந்து நாக்கு மாதிரி ஆகிவிட்டது, பிடி மட்டும் அப்படியே இருக்கிறது. கையை எடுத்தால் பிடி தானாக நடுவுக்கு வர நான்கு சைக்கிள் ஸ்பிரிங். பிடி சாய்வதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல, ரேடியோவில் சத்தம் கூட்டிக் குறைக்கிற வால்யூம் கண்ட்ரோல் இரண்டு. ஒன்று இடம் வலத்துக்கு, ஒன்று மேல் கீழுக்கு. பிடி சாய்ந்தால் அது திரும்பும், அது திரும்பினால் கரண்ட் கூடும் குறையும், அதை வைத்துப் பிளேன் சாயும். அவ்வளவுதான் வித்தை.

மாட்டிக் காட்டிய முதல் நாளே மானம் போயிற்று. மேலே போவதற்குப் பிடியை முன்னால் தள்ள வேண்டும் என்று நினைத்து வயரைக் கொடுத்திருந்தேன். சார் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. மேல போகணும்னா நெஞ்சப் பாத்து இழுக்கணும் வேய், தள்ளுனா மூக்கு மண்ணுல என்றார். இரண்டு வயரை மாற்றிப் பற்ற வைத்ததும் அது சரியாயிற்று. ஆனால் இன்னொரு கோளாறு. பிடியைத் தொடாமல் விட்டாலும் பிளேன் இடப்பக்கமாகவே சாய்கிறது. அடுத்த ஞாயிறு பார்த்துவிடுவேன்.

ஏறுவது முதல் இறங்குவது வரை முழுக்கக் கற்றுக்கொண்டு உனக்கு ஒவ்வொன்றாக எழுதுகிறேன். தெரிந்த பயம் பாதிப் பயம். அத்தைக்கு என் அன்பு. அம்மாவும் மாரியம்மனும் உன் தலைமாட்டில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
வே. காத்தமுத்து


குன்னூர்
16-12-1984, ஞாயிறு

அன்பு மகள் தெய்வம்மாவுக்கு,

அப்பா. இங்கே மழையும் மூடுபனியும் பங்கு போட்டுக்கொண்டு பகலை ஆள்கின்றன. போன கடிதம் கிடைத்ததா தெரியவில்லை. மேட்டுப்பாளையம் பாதையில் மண் சரிந்து பல நாளாக ரயில் இல்லை, அதனால்தான் உன் பதில் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். பஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதைப் பற்றி நான் யோசிப்பதில்லை.

பிளேன் இன்னும் இடப்பக்கம்தான் சாய்கிறது. நான் சந்தேகப்படாத பொருள் பாக்கியில்லை. முதலில் இடப்பக்கத்து ஸ்பிரிங்கைச் சந்தேகப்பட்டு நாலையும் மாற்றினேன். பிறகு ஈரம் உள்ளே போயிருக்கும் என்று வால்யூம் கண்ட்ரோலைப் பிரித்து ஸ்பிரிட் விட்டுத் துடைத்தேன். அடுத்து மெட்டில்டா அம்மாவின் பூனை. அது பெட்டி மேல்தான் தூங்குகிறது, வயரைக் கடித்திருக்கும் என்றேன். அந்த அம்மா, ஏன், எம் பூனைக்கு வாயில்லன்னா பழி போடுவியளோ என்று கேக் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடைசியாக, கம்ப்யூட்டரே இடப்பக்கம் கோணலாகத் தயாராகியிருக்கும் என்றேன். சார் பிடியைக் கழற்றச் சொல்லி, என்னையே பொத்தானை அமுக்கி ஓட்டவைத்தார். கோடு நேராக நின்றது.

பிடியை விடாமல் வலப்பக்கம் அழுத்திக்கொண்டே ஓட்டுகிறார். அரை மணியில் கை விட்டுப்போகிறது, பிளேன் வட்டமடித்து வட்டமடித்து வயலில் இறங்குகிறது. நான் இதுவரை பதினோரு பிளேனைக் கவிழ்த்திருக்கிறேன். பயணிகளுக்கு என் அனுதாபம்.

ஆனாலும் சொன்ன வாக்குப்படி எழுதுகிறேன். முதலில் பிளேன் பஸ் மாதிரிதான் மெதுவாக ஓடும். பிறகு ஓரிடத்தில் நின்று, மேட்டில் ஏறப்போகிற லாரி மாதிரி உறுமும். அப்புறம் ஒரே ஓட்டம். முதுகு சீட்டோடு ஒட்டும். மூக்குத் தூக்கும்போது வயிறு ஒரு படி கீழே தங்கிவிட்டுப் பின்னால் வந்து சேரும். காது அடைக்கும், அதற்கு மிட்டாய் சப்ப வேண்டும் என்று சார் சொல்கிறார். போகிற வழியில் சத்தம் குறைந்தால் என்ஜின் நின்றுவிட்டது என்று அலறாதே, வேகம் போதும் என்று குறைக்கிறார்கள். இறங்குவதற்கு முன் கீழே இரும்பு உருளுகிற சத்தம் கேட்கும், சக்கரம் வெளியே வருகிறது. இதெல்லாம் சார் சொல்லக் கேட்டு எழுதியது. அவரும் பின்னால் சாமானோடு உட்கார்ந்து போனவர்தான், முன்னால் அல்ல.

இங்கே எனக்கு ஒரு அறையும் சமையலுக்கு ஓரிடமும் இருக்கிறது. உனக்கென்று ஜன்னல் ஓரத்தில் பலகைக் கட்டில் ஒன்று அடித்து வைத்தேன். இப்போது அதன் மேல் ரேடியோச் சாமான்களைப் பரப்பியிருக்கிறேன். வெறும் கட்டிலாகப் பார்க்க முடியவில்லை. ஐந்து வருஷமாகியும் இங்கே நான் சிலோன்காரர்தான். ரயிலைக் கோச்சி என்று வாய் தவறிச் சொன்னால் சிரிக்கிறார்கள். அங்கே நம்மை இந்தியாக்காரர்கள் என்றார்கள், நினைவிருக்கிறதா? சாயங்காலம் வேலை விட்டு வந்தால் யாரோடும் பேச வேண்டிய அவசியமே இல்லை. ரிப்பேருக்கு வந்த ரேடியோக்கள் பேசுகின்றன, சரியாகப் பேசத் தொடங்கியதும் கொண்டுபோய்விடுகிறார்கள்.

அந்தக் கணக்கப்பிள்ளை நன்றாயிருப்பாரா என்று சில நேரம் நினைக்கிறேன். இரண்டு வயது.

ஒரு வரி எழுது. பிளேனில் வருகிறேன் என்றுகூட வேண்டாம், கடிதம் கிடைத்தது என்று எழுது. உன் கை எழுத்து இந்த வீட்டுக்குள் வந்தால் போதும். கடவுள் துணை.

இப்படிக்கு,
உன் அப்பா,
வே. காத்தமுத்து


குன்னூர்
13-1-1985, ஞாயிறு, போகி

அன்பு மகள் தெய்வம்மாவுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. இந்தத் தடவை மூன்று வரி. கொழும்பு ஆபீஸில் உன் பைலைத் திறந்து காட்டினார்களாம். வயது எழுதிய தோட்டத்துத் துண்டுக் காகிதத்தில் அப்பா கையெழுத்து இருந்ததாம். அந்த இரண்டு வயதைப் போட்டது யார் என்று கேட்டிருக்கிறாய். அத்தை சுகம் என்றுகூட எழுதவில்லை.

பதில் எழுதுகிறேன். நேராக அதற்கு வர எனக்குத் தைரியம் இல்லை. பிளேன் வழியாக வருகிறேன், பொறுத்துக்கொள்.

போன சனிக்கிழமை அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட் பக்கம் நாச்சிமுத்துவின் ரேடியோக் கடைக்குப் போனேன். கோயமுத்தூர்க்காரர், எனக்குச் சாமான் கொடுக்கிறவர். ஸ்பிரிங், மழை, பூனை, லண்டன் எல்லாவற்றின் மேலும் புகார் சொன்னேன். அவர் மீட்டரை எடுத்து வால்யூம் கண்ட்ரோலில் வைத்தார். சரியாகப் பாதி திருப்பினார். முள் பாதிக்கு வரவில்லை, பத்தில் ஒரு பங்கில் நின்றது. ஏனுங்க காத்தமுத்து, இது காதுக்குச் செஞ்சதுங்க, கைக்குச் செஞ்சதில்லீங்க என்றார். காது சின்னச் சத்தத்தைப் பெரிதாகக் கேட்குமாம். அதற்குத் தோதாக, முதல் பாதியில் கொஞ்சமும் மறுபாதியில் நிறையவும் கூடும்படி வால்யூம் கண்ட்ரோலைச் செய்கிறார்களாம். ரேடியோவுக்கு அதுதான் சரி. பிளேனுக்கு நடு என்றால் நடுவாக இருக்க வேண்டும். இத்தன வருசம் இதத்தானே மாத்திட்டிருக்கீங்க, இது தெரியாமத்தான் பூன மேல பழி போட்டீங்களா என்று கடையில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்கச் சிரித்தார். ஒரே சீராகக் கூடுகிற வேறு வகை இரண்டு கொடுத்தார்.

அதை மாற்றிப் போட்டேன். பிடியை விட்டால் கோடு நேராக நின்றது. முதல் நாளே, பெட்டியை மூடும் முன் மீட்டர் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தேன், நான் வைத்ததை மட்டும் பார்க்கவில்லை.

சரி. இனிப் பிளேன் இல்லை.

அந்த இரண்டு வயதைப் போட்டது நான்தான்.

எழுபத்தைந்தில், பஞ்ச காலத்தில். உனக்குப் பன்னிரண்டு முடிந்த வாரம். செக்ரோலில் பேர் இருந்தால்தான் கோதுமை மா அளந்து கொடுப்பார்கள், வீட்டில் என் பேரும் அம்மா பேரும்தான் இருந்தது. கணக்கப்பிள்ளை மூன்று தடவை கேட்டார், புள்ளைக்கு என்ன வயசு காத்தமுத்து, பார்த்தா சின்னதா இருக்கே என்று. பதினாலு என்று மூன்று தடவையும் சொன்னேன். அவர் அந்தத் துண்டுக் காகிதத்தை நீட்டினார். நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கைநாட்டு வைத்திருந்தால் இன்று மறுக்கலாம். ஐந்தாம் வகுப்புப் படிப்பு அன்றைக்கு ஒரு நாள்தான் எனக்கு முழுசாகப் பயன்பட்டது.

மா கிடைத்தது. அதற்காக நான் வெட்கப்படவில்லை. அதற்குப் பிறகு செய்ததற்குத்தான். பாஸ்போர்ட்டுக்கு எழுதும்போது இது பொய் வயது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மொத்தக் குடும்பத்துக் காகிதத்தையும் நிறுத்திவிடுவார்கள் என்று யாரோ பயமுறுத்தினார்கள், வாயை மூடிக்கொண்டேன். ஆறு மாதத்தில் நீயும் வந்துவிடுவாய் என்று நினைத்தேன். கணக்கப்பிள்ளை போட்டது என்று உன்னிடம் சொன்னேன், அம்மாவிடமும் சொன்னேன். இங்கே வந்த பிறகு தேவாலாவில் படுக்கையில் கிடந்தபோது அம்மா அந்த மனுஷனைத்தான் கடைசிவரை சபித்துக்கொண்டிருந்தாள். எம் புள்ளையப் பிரிச்ச கை விளங்குமா என்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டே ஆமாம் போட்டேன். அந்தக் கை இதுதான்.

நாங்கள் புறப்பட்ட காலையில் நீ ஸ்டேஷனுக்கு வரவில்லை. ஒரு நாள் பேர், அந்த நாள் கூலி, போய்விடும் என்று மலைக்குக் கொழுந்து எடுக்கப் போய்விட்டாய். பேர் போய்விடும் என்பது காரணம் இல்லை என்று எனக்கும் தெரியும். லாரி வளைவு திரும்பும்போது மேல்மலையில் கொழுந்து எடுப்பவர்கள் தெரிந்தார்கள். எல்லோர் இடுப்பிலும் படங்குச் சாக்கு, எல்லோர் முதுகிலும் கூடை. அம்மா, அதோ அந்த மூணாவது நிரை, அதுதான் என்றாள். நான் நாலாவது என்றேன். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்று வரை மூன்றா நாலா என்று எனக்குத் தெரியாது.

நீ பிளேனுக்குப் பயப்படவில்லை. அது எனக்கு உன் முதல் கடிதத்திலேயே தெரியும். எட்டியாந்தோட்டை ரோட்டில் மண் சரிந்தபோது பஸ்ஸிலிருந்து குதித்து அம்மாவையும் இறக்கியவள் நீ. பிளேனைப் பற்றி நான் அவ்வளவு எழுதியது, வேறொன்றைப் பற்றி எழுதாமல் இருப்பதற்கு.

சார் இந்த வாரம் பிளேனை இறக்கிவிட்டார். நேராக, பாதையின் நடுவில். இறக்கிவிட்டுப் பிடியை விடாமல் உட்கார்ந்திருந்தார். மெட்டில்டா அம்மா வந்து, என்ன, எறங்கியாச்சுல்லா, கைய விடுங்க என்று விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். பிறகு பூனையை என் மடியில் வைத்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டேன். உன் கதையும் அவர்களுக்குத் தெரியும். கணக்கப்பிள்ளை போட்டதாகத்தான் தெரியும். அடுத்த ஞாயிறு அதையும் திருத்திச் சொல்லிவிடுகிறேன். அடுத்து நான் ஓட்டினேன். பிடி நேராக இருந்தும் கவிழ்த்துவிட்டேன். ஆகவே அந்தச் சாக்கும் போயிற்று.

நீ மன்னிக்க வேண்டும் என்று எழுத வந்தேன். எழுதிப் பார்த்தால் அதுவும் ஒரு கடன் கேட்பது போல இருக்கிறது. அதனால் வேண்டாம். என்னைப் பார்க்கப் பிடிக்காவிட்டாலும் பெர்மிட் முடிவதற்குள் அங்கிருந்து கிளம்பிவிடு. மெட்டில்டா அம்மா வீட்டில் ஓர் அறை சும்மாதான் இருக்கிறது, வரச் சொல்லி அந்த அம்மாவே சொன்னார். என் கூரையின் கீழ்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. கட்டிலை அங்கே தூக்கிக்கொண்டுபோய்ப் போடுகிறேன். மேலிருந்த சாமான்களை இன்று காலை எடுத்துவிட்டேன். பழையதைக் கழிக்கும் நாள் அல்லவா.

பிப்ரவரி இரண்டாம் தேதி திருச்சியில் இருப்பேன். லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. கம்பி வேலிக்கு வெளியே நிற்கிறவர்களில், குன்னூர்க் குளிருக்குத் தைத்த கோட்டைத் திருச்சி வெயிலில் போட்டுக்கொண்டு ஒருவன் நிற்பான், அவன்தான். இறங்குகிறவர்கள் தூரத்தில் படி வழியாக வருவார்களாம். என் கண் முன்னைவிட மோசம், தூரத்தில் எல்லோரும் ஒன்று போலத்தான் இருப்பார்கள். படியில் நின்று ஒரு தடவை கையைத் தூக்கு. கோபத்தில் தூக்கினாலும் சரி. எத்தனையாவது ஆள் என்று இந்தத் தடவை எனக்குத் தெரிய வேண்டும்.

வருகிற மாசியில் உனக்கு இருபத்திரண்டு. இருபத்து நாலு இல்லை. உன் வயதெல்லாம் இனி உன்னுடையதாகவே இருக்கட்டும், நல்லபடியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
வயதைச் சரியாகத் தெரிந்திருந்த
உன் அப்பா,
வே. காத்தமுத்து